பாதரசக் குப்பியும் மக்காச்சோளக் களஞ்சியமும்

காரைக்குடி

அன்புள்ள முத்துக்குமரா,

உன் கடிதமும் காசின் படங்களும் வந்து சேர்ந்தன. முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய கோபுரம் போட்ட அரை வராகன், 1807-08 வாக்கில் சென்னை அக்கசாலையில் அடித்த வகை. அந்த வருஷங்களில் கும்பினிக்காரர்கள் ஸ்பானிய டாலர்களின் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். அதனால்தான் கோபுரத்துக்கு அடியில் வேறு ஏதோ எழுத்து மங்கலாக நெளிகிறது. அந்த டாலர்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் வெள்ளி. அங்கே கிடைத்த வெள்ளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குவானஹுவாத்தோ என்ற ஒரே மலை நகரத்திலிருந்து வந்தது. "அந்தச் சுரங்கத்து ஆட்கள்தான் 1810இல் ஸ்பெயினுக்கு எதிராக முதலில் எழுந்தார்களாமே, சுரங்கத்துக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தாய். உலோகம் படித்தவன் நீ. அதனால் வெள்ளியை எடுத்த முறையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முறையில் யார் யாரை நம்பி இருந்தார்கள் என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குவானஹுவாத்தோவின் தாது ஏழைத் தாது. நூறு பவுண்டுக்கு மூன்று நான்கு அவுன்ஸ் வெள்ளி தேறினால் அதிகம். இதை உருக்கி எடுக்க மலையில் விறகு போதாது. ஆகவே 1550களின் நடுவில் பச்சூக்கா ஊரில் பார்த்தொலொமே தெ மெதினா வகுத்த முற்றத்து முறையைத்தான் கையாண்டார்கள். நம் ஊரில் பொற்கொல்லர் பட்டறை மண்ணை வாங்கி அரித்து, பாதரசம் விட்டுப் பொன் எடுப்பார்களே, அதே தத்துவம். அங்கே அதை நெல் காயப்போடும் களத்தளவுக்குச் செய்தார்கள்.

முதலில் தாதை உலக்கை ஆலையில் இடிப்பார்கள். பிறகு வட்டத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். நடுவில் கம்பம், அதில் கட்டிய கனத்த கற்கள், சுற்றிவரக் கோவேறு கழுதை. நம்முடைய சுண்ணாம்புச் செக்கை நினைத்துக்கொள். அரைத்தது விரலில் தடவினால் நெருடக் கூடாது, சந்தனக் குழம்பாக இருக்க வேண்டும். அரைவை சரியில்லையென்றால் மணலுக்குள் மாட்டிய வெள்ளியைப் பாதரசம் எட்டவே எட்டாது. பின்னால் என்ன செய்தாலும் பயனில்லை.

அந்தக் குழம்பைக் கல் பாவிய முற்றத்தில் பெரிய அடையாகப் பரப்பி, ஈரம் சற்று வற்றியதும் உப்பைத் தூவி மிதிப்பார்கள். நூறு பவுண்டுக்கு இரண்டு மூன்று பவுண்டு, உப்பு மட்டமானதாக இருந்தால் அதற்கு மேலும். அடுத்தது மஹிஸ்த்ரால், அதாவது வறுத்த செம்புக் கந்தகக் கல். அதன் பிறகு பாதரசம். எதிர்பார்க்கும் வெள்ளியின் எடையைப்போல ஆறு மடங்காவது வேண்டும். துணிப்பையில் ஊற்றிப் பிழிந்தால் பொடிப் பொடி முத்தாக அடை முழுவதும் விழும். பிறகு கழுதைகளை விட்டு மிதிப்பதுதான் வேலை, நாள் கணக்கில், வாரக் கணக்கில்.

உள்ளே நடப்பது உனக்குத் தெரிந்த வேதியியல்தான். வறுத்த செம்பும் உப்பும் சேர்ந்து செம்புக் குளோரைடு ஆகிறது. அது கந்தகத்தோடு கட்டுண்ட வெள்ளியைப் பிரித்து வெள்ளிக் குளோரைடாக்குகிறது. பாதரசம் அந்தக் குளோரினைத் தான் வாங்கிக்கொண்டு வெள்ளியை விடுவிக்கிறது. மிச்சமிருக்கும் பாதரசம் அந்த வெள்ளியைப் பற்றிக்கொள்கிறது. குளோரினை வாங்கிய பாதரசம் திரும்பி வராது, கழுவும்போது சேற்றோடு போய்விடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு பவுண்டு வெள்ளிக்குச் சுமார் ஒன்றரைப் பவுண்டு பாதரசம் தொலைந்ததற்கு இதுதான் காரணம். இதை மறக்காதே, கதை முழுக்க இது வரும்.

முற்றத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் அசோகேரோ என்ற பாதரசக்காரர். தினமும் அடையிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோலத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி விளிம்புக்குக் கொண்டுவருவார். பாதரசம் வாங்கியபோது இருந்த பளபளப்பு மாறாமல் இருந்தால் அடை 'குளிர்ந்து' கிடக்கிறது என்று பொருள். மஹிஸ்த்ரால் இன்னும் வேண்டும். கறுத்துச் சாம்பல் பூத்து, நுண்ணிய துகளாக உடைந்து ஒன்றோடொன்று சேர மறுத்தால் 'சூடு' ஏறிவிட்டது. உடனே சுண்ணாம்போ விறகுச் சாம்பலோ போட்டு அடக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உடைந்த பாதரசம் கழுவு நீரோடு போகும், வெள்ளியையும் கூட்டிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் எல்லாம் மந்தம், நாள் கூடும். அடை பக்குவமானதும் தொட்டியில் கழுவி, கட்டித்த ரசக்கலவையைக் கித்தான் பையில் பிழிந்து, கட்டிகளாக அடுக்கி, மேலே கபெலீனா என்ற மணி வடிவ உலோக மூடியைக் கவிழ்த்துச் சுற்றிலும் கரி மூட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிக் கீழே தண்ணீரில் குளிர்ந்து தங்கும். வெள்ளி மூடிக்குள் நிற்கும்.

இப்போது கணக்கைப் பார். பாதரசம் ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து வர வேண்டும், அதை விற்பது அரசரின் தனியுரிமை. வெடிமருந்தும் அப்படியே. பாதரச விலையைக் குறைத்தால் ஏழைத் தாதும் கட்டுபடியாகும், கூட்டினால் சுரங்கம் நிற்கும். ஒரு குவிண்டால், அதாவது நூறு பவுண்டு, 82 பெசோவாக (பெசோ என்பது அந்த ஸ்பானிய டாலரேதான்) இருந்ததை 1760களின் கடைசியில் 62 ஆகவும், 1770களில் 41 ஆகவும் இறக்கினார்கள். குவானஹுவாத்தோவின் பொற்காலம் பிறந்தது அப்போதுதான். ஆனால் இங்கிலாந்தோடு சண்டை மூண்டால் கப்பல் வராது. 1779இலும் பிறகு 1796 முதலும் அப்படித்தான் ஆனது. அரைத்த தாது முற்றத்தில் காத்துக் கிடந்தது. கடல் தாண்டி இருக்கும் அரசரின் கை தங்கள் தொண்டையில் இருக்கிறது என்பதைச் சுரங்க முதலாளிகள் பாதரசக் கணக்கில் தெரிந்துகொண்டார்கள்.

தொழிலாளிக்கோ அந்தக் கை வேறு இடத்தில் இருந்தது. நகரத்தின் பெரிய சுரங்கமான வலென்சியானாவில் மூவாயிரத்துக்கு மேல் ஆட்கள். 1803இல் அங்கே போன ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட், தாது சுமக்கும் தெனாத்தேரோக்களைப் பற்றி எழுதியது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். கற்றாழை நார்ப் பையில் 225 முதல் 350 பவுண்டு வரை, முதுகில். தோல் கிழியாமல் இருக்க அடியில் ஒரு கம்பளித் துணி. சரிவாக வெட்டிய 1,800 படிகள். ஒரு முறைவேலையில் எட்டுப் பத்துத் தடவை. வரிசையில் அறுபது வயதுக்காரரும் இருப்பார், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனும் இருப்பான். மேலே வந்ததும் தாதை ஒளித்து வைத்திருக்கிறானா என்று தலைமயிர், வாய் வரை சோதனை.

ஆனாலும் அவர்களை எழ வைத்தது இந்தச் சுமை மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. சுரங்கத்தாருக்கு வயல்காரனைவிடக் கூலி அதிகம். என் எண்ணத்தில் முக்கியமானது மக்காச்சோளம். குவானஹுவாத்தோவின் அரைவையிலும் முற்றத்திலும் 14,000 கோவேறு கழுதைகள் உழைத்தன. அவை தின்பது மக்காச்சோளம், மனிதன் தின்பதும் அதுவே. மழை பொய்த்தால் கழுதைத் தீனி விலை ஏறும், அதனால் வெள்ளி எடுக்கும் செலவு ஏறும், முதலாளி ஆளைக் குறைப்பான். வேலை போன அதே வாரம் ரொட்டி விலையும் ஏறியிருக்கும். இரண்டு அடியும் ஒரே ஆள்மேல் விழும். 1785இல் பனி விழுந்து பயிர் கருகிய பிறகு வந்த பஞ்சத்தில் இதைத்தான் பார்த்தார்கள். அப்படி ஒரு பஞ்சம் திரும்பி வரக் கூடாதென்று மாகாண அதிகாரி ஹுவான் அந்தோனியோ ரியான்யோ 1798இல் தொடங்கி 1809இல் கட்டி முடித்ததுதான் அலோந்திகா என்ற தானியக் களஞ்சியம். இரண்டு தளம், கனத்த கல் சுவர், உயரத்தில் சின்னச் சின்னச் சன்னல்கள். அது முடிந்த வருஷமே மழை தவறியது. 1810இல் சோள விலை பல மடங்கு.

பழைய பகையும் இருந்தது. 1766-67இல் புகையிலைத் தனியுரிமை, புது வரி, படைக்கு ஆள் சேர்ப்பு, யேசு சபையாரை நாடு கடத்தியது எல்லாம் சேர்ந்து சுரங்கத்தார் கலகம் செய்தபோது, ஹோசே தெ கால்வெஸ் படையோடு வந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப் பலரைத் தூக்கிலிட்டார். அந்தப் படைச்செலவுக்கு நகரத்தின் சோளத்தின்மேலேயே வரி போட்டார்கள். ஒரு தலைமுறை கழிந்தும் அந்த வரி சாப்பாட்டுத் தட்டில் இருந்தது.

1810 செப்டம்பர் 16 அன்று தொலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இடால்கோ எழுச்சியைத் தொடங்கினார். ரியான்யோ செய்த பெரிய தவறு 24ஆம் தேதி இரவு நடந்தது. நகரத்தைக் காக்க முடியாதென்று முடிவு செய்து, படை, ஐரோப்பியர்கள், கருவூலம், முப்பது இலட்சம் பெசோவுக்குக் குறையாத செல்வம், தானியம் எல்லாவற்றையும் களஞ்சியத்துக்குள் கொண்டுபோனார். விடிந்தபோது நகரத்து மக்கள் பார்த்தது என்ன? தங்களைப் பட்டினியிலிருந்து காக்கக் கட்டிய வீடு தங்களுக்கே பூட்டப்பட்டிருந்தது. 26ஆம் தேதி தலைவரியை ரத்து செய்ததாக அறிவித்தார். பயத்தில் கொடுத்த சலுகைக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. ரியான்யோ கெட்டவர் அல்ல. இடால்கோவுக்கே பழக்கமானவர், படித்தவர். ஆனால் அந்த ஒரு இரவு அவருடைய பதினெட்டு வருஷ நல்ல பெயரைக் கரைத்துவிட்டது.

இடம் தேர்ந்ததும் தவறு. களஞ்சியம் பள்ளத்தில், சுற்றிலும் குன்றுகள். 28ஆம் தேதி இடால்கோவின் கூட்டம் வந்தபோது வலென்சியானா முதலான சுரங்கங்களின் ஆட்கள் மலையிலிருந்து இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். காத்தா ஆற்றுப் படுகையிலிருந்து கல் பொறுக்கிக் குன்றுக்கு ஏற்றிக் கொடுக்க ஒரு கூட்டம், மேலிருந்து கவணில் எறிய ஒரு கூட்டம். சற்று நேரத்தில் மொட்டை மாடியில் ஒருவரும் நிற்க முடியவில்லை. சுமந்து ஏறுவது அவர்களுக்குப் பழகிய வேலைதானே. ரியான்யோ தொடக்கத்திலேயே வாசலருகே தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

இந்த இடத்தில்தான் குப்பி வருகிறது. பாதரசத்தை முன்பெல்லாம் ஆட்டுத்தோல் பையில் கட்டி அனுப்புவார்கள், பிறகு திருகு மூடி போட்ட இரும்புக் குப்பியில். ஒன்றில் சுமார் 34 கிலோ பாதரசம் பிடிக்கும் என்றால் அதன் இரும்பு எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள். ரியான்யோவின் மகன் ஹில்பெர்த்தோ காலிக் குப்பிகளில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்துக் கைக்குண்டாக்கியிருந்தான். கதவை நெருங்கிய கூட்டத்தின்மேல் அவற்றை எறிந்தார்கள். குறுகிய தெருவில் தோளோடு தோள் இடித்து நின்றவர்களிடையே வெடித்த அந்த இரும்பு செய்த சேதம் பயங்கரமானது. அவனும் அந்தச் சண்டையில் பட்ட காயத்தால் பிழைக்கவில்லை.

கூட்டத்திடம் பீரங்கி இல்லை. கதவை எரிக்க வேண்டும், நெருங்கினால் மேலிருந்து சாவு. முதுகில் பலகைக் கல்லைக் கட்டிக்கொண்டு, கையில் பிசின் வடியும் ஒக்கோத்தே பைன் தீப்பந்தத்தோடு ஊர்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தவன் 'எல் பீப்பிலா' என்ற சுரங்கத் தொழிலாளி என்பது மெக்சிகோ முழுவதும் சொல்லும் வரலாறு. குன்றின்மேல் அவனுக்கு மாபெரும் சிலை. அப்படி ஒருவன் இருந்தானா, செய்தது அவன் ஒருவனா பலரா என்று வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் சண்டை உண்டு. எனக்குப் பலர் என்றே படுகிறது. கல்லை முதுகில் ஏற்றிக் குனிந்து நடப்பது அந்த ஊரில் ஆயிரம் பேருக்கு அன்றாட வேலை. கதவு எரிந்ததும் உள்ளே நடந்தது படுகொலை. பிறகு நகரமே சூறை. சுரங்கங்களின் கிடங்குகளும் தப்பவில்லை.

இதற்குப் பிந்திய இரண்டு மாதம்தான் உன் போன்றவன் தெரிந்துகொள்ள வேண்டியது. மெக்சிகோ நகரில் அரசர் பெயரில் 1792இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியில் படித்தவர்கள் கலகக்காரர் பக்கம் நின்றார்கள். மரியானோ ஹிமேனெஸ் தளபதியானார். வலென்சியானாவின் நிர்வாகி கசிமீரோ சோவெல் சுரங்கத்தாரைக் கொண்டே ஒரு படைப்பிரிவு திரட்டினார். ரஃபயெல் தாவலோஸ் பீரங்கி வார்க்கும் பொறுப்பை ஏற்றார். செம்புக்கு எங்கே போவது? வெள்ளி முற்றங்களின் கபெலீனாக்களை எடுத்து உருக்கினார்கள். வெள்ளியை மூடியிருந்த மணிகள் பீரங்கிக் குழாய்களாயின. ஆனால் பீரங்கி வெண்கலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் வேண்டும், சூளை நிதானமாக எரிய வேண்டும், அச்சு நன்றாகக் காய வேண்டும், வார்த்த கட்டியைத் துளைபோட எந்திரம் வேண்டும். அவசரத்தில் வார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ் தங்கும், துளை கோணும், நாலைந்து வெடிக்குள் குழாய் பிளக்கும். அங்கே வார்த்தவை தரம் போதாமல்தான் போயின. மரக் கட்டையைக் குடைந்து இரும்பு வளையம் போட்டும் பீரங்கி செய்து பார்த்தார்கள்.

அவர்கள் நிஜமாகவே கைதேர்ந்த வேலை பாறையில் துளைபோட்டு வெடி வைப்பது. வலென்சியானா ஒன்றே ஆண்டுக்கு 70,000, 80,000 பெசோ அளவுக்கு வெடிமருந்து எரித்த சுரங்கம். அரசுப் படையோடு ஃபெலிக்ஸ் கயேஹா வருகிறார் என்றதும், நகரத்துக்குள் நுழையும் மர்ஃபீல் கணவாயின் இருபக்கப் பாறையிலும் ஏறத்தாழ 1,500 துளைகள் குடைந்து மருந்து அடைத்து ஒரே திரியில் இணைத்தார்கள். படை கணவாய்க்குள் வந்ததும் மலையையே அதன்மேல் சாய்ப்பது திட்டம். ஒருவன் உளியைப் பிடித்துத் திருக, மற்றவன் சம்மட்டியால் அடிக்க, ஒரு துளைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்படி ஆயிரத்து ஐந்நூறு. இவ்வளவு உழைப்பும் ஒரே பாதையை நம்பியது. நகர்த்த முடியாத ஆயுதம். விஷயம் கயேஹாவுக்கு எட்டியது. அவர் வேறு மலைப்பாதைகளில் படையை ஏற்றி, நவம்பர் 25இல் நகரத்தைப் பிடித்தார். துளைகள் வெடிக்காமலே கிடந்தன.

தோற்ற செய்தி பரவியபோது கூட்டம் களஞ்சியத்தில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் கைதிகளைக் கொன்று தீர்த்தது. நூற்றுக்கு மேற்பட்டோர். கயேஹா நகரத்துத் தெருக்களில் தூக்குமரங்களை நட்டார். ஏழை மக்களைக் கூட்டி நிறுத்திச் சீட்டுப்போட்டுச் சாகிறவர்களைத் தேர்ந்தார். தாவலோஸ் கொல்லப்பட்டார். சோவெல் நவம்பர் 28இல் களஞ்சியத்தின் முன்னாலேயே தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு எழுச்சியின் தலைவர்களான இடால்கோ, அய்யெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் நால்வரின் தலைகளையும் இரும்புக் கூண்டில் வைத்து அதே களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிட்டார்கள். 1821இல் விடுதலை வரும்வரை அவை அங்கே இருந்தன.

கலகத்தை அடக்கியாயிற்று, ஆனால் வெள்ளி திரும்பி வரவில்லை. மெக்சிகோ நகர நாணயச்சாலை 1809இல் 2 கோடியே 60 இலட்சம் பெசோ அடித்தது. 1810இல் 1 கோடியே 90 இலட்சம், 1811இல் 1 கோடி, 1812இல் 44 இலட்சம். வழி மறித்ததால் சகாத்தேகாஸ், குவானஹுவாத்தோ போன்ற இடங்களில் உள்ளூர் நாணயச்சாலைகள் முளைத்தன, ஆகவே இந்தச் சரிவு முழுவதும் சுரங்கத்தின் சரிவு அல்ல. ஆனாலும் சரிவு நிஜம். கழுதைகளைப் படைகள் ஓட்டிக்கொண்டு போயின. உப்பும் பாதரசமும் காவல் வண்டித் தொடரோடுதான் வர முடிந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது தண்ணீர். வலென்சியானாவின் எட்டு மூலைக் கிணறு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஆழம். அதன் வாயில் குதிரைகள் சுற்றும் செக்குகள் தோல் பைகளில் நீரை இறைத்தபடி இருக்க வேண்டும். குதிரைக்குத் தீனி இல்லை, செக்கு நின்றது. நின்றால் நீர் காத்திருக்காது, அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு சுரங்கவழியாக ஏறும். மூழ்கிய இடத்தில் முட்டுக்கட்டை அழுகும், கூரை இடியும். பிறகு இறைக்க ஆகும் செலவு, புதிதாகத் தோண்டுவதற்குச் சமம். ஸ்பெயின் அந்த நாட்டை வைத்திருந்ததே இந்த வெள்ளிக்காக. பதினொரு வருஷம் போர் செய்து காத்தது நீர் நிறைந்த கிணறுகளை.

உன் காசுக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கோபுரத்தின் அடிவாரத்தையும் ஓர எழுத்துகளையும் பத்து மடங்கு கண்ணாடியில் பார். 'எம்' எழுத்தின் தலையில் ஒரு சின்ன வட்டம் தெரிந்தால் அது மெக்சிகோ நகர நாணயச்சாலையின் அடையாளம். அதை ஒட்டி மாற்றுப் பார்த்தவர்களின் முதலெழுத்துகள் இருக்கும். 'எஃப் எம்' என்றால் 1770களிலோ 1784க்கும் 1801க்கும் இடையிலோ அடித்தது, 'டி ஹெச்' என்றால் 1803இலோ அதற்குப் பிறகோ. புளி போட்டுத் தேய்த்துவிடாதே. அடியில் இருக்கும் பழைய அச்சு மயிரிழைக் கனம்தான், ஒரே தேய்ப்பில் போய்விடும். எழுத்து தெரிந்தால் மெழுகில் பதிந்து எனக்கு ஒரு அச்சு அனுப்பு.

மீனாட்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமநாதன்